கணக்கேட்டில் ஒளிந்த ஏவலாள்

மைசூர் நகரத்திற்கு வரும் தமிழன்பர்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். விக்டோரியா அரசியாரின் 1887 ஆம் ஆண்டுப் பொன்விழா நினைவாக எழுந்த ஜூபிலி மண்டபத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும் இந்நாட்டு அரசியல் நூல்களின் வரலாற்றில் அம்மண்டபத்திற்கு நிலையான ஓர் இடம் உண்டு. 1891 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கீழ்த்திசைச் சுவடி நூலகம், இன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. 1905 ஆம் ஆண்டில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்நூலகத்திற்குப் பனையோலைச் சுவடி ஒன்றை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடியை நூலகராகிய ஆர். சாமசாஸ்திரியார் ஆராய்ந்து, மறைந்து போயிற்று என்று நெடுங்காலம் கருதப்பட்ட கௌடிலீயரின் அர்த்தசாஸ்திரம் அதுவே எனக் கண்டறிந்தார். 1909 ஆம் ஆண்டில் அதன் மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். 1915 ஆம் ஆண்டில் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் நூல் வடிவம் பெற்றது. தமிழ்நாட்டு ஓலை ஒன்று கன்னட நாட்டு நூலகத்திலே ஒளி பெற்று உலகறிந்த இவ்வரலாறு, வெளிமாநிலங்களில் வாழும் நாம் நினைந்து மகிழத்தக்கதாகும்.

அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் அரசாங்கத்தின் கணக்கு நிலையத்தைப் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. ஆஷாட மாதத்துப் பௌர்ணமியன்று பல துறைகளின் கணக்கர்களும் தத்தம் ஏடுகளோடு தலைமை நிலையத்திற்கு வருதல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. அவர்கள் கொணரும் ஏடுகளும் இருப்பும் முத்திரையிடப்பெற்றிருத்தல் வேண்டும். வந்தவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாதவாறு தனித்தனியே வைக்கப்படுதல் வேண்டும். அடுத்து வரும் பகுதியிலோ, அரசாங்கப் பொருளைக் கையாடும் வழிகள் நாற்பது என எண்ணிக் கூறப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் கணக்கை உள்ளே சேர்ப்பதற்கு முன்னர் அதனைத் தனித்து வைத்து ஆராய்க என்பதே இவ்விதியின் சாரம்.

கணினிக் காலத்தில் உலகம் இவ்விதியை மறந்தது. 1995 ஆம் ஆண்டு முதல் 2022 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அம்மறதியின் விலையைப் பல நாட்டு அலுவலகங்கள் செலுத்தின. விரிதாள், தரவுத்தளம் ஆகிய கோப்புகளுக்குள் ஒளிந்து வரும் மேக்ரோ என்பதனால் விளைந்த தீங்குகளின் வரலாறு அது. மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் கோப்புகளோடு பழகும் எளியேன், கணினி நூல் கற்றவன் அல்லேன். ஆயினும் அத்தீங்கினை ஒருமுறை நேரில் அனுபவித்தவன் என்ற உரிமையால் இதனைக் கூற முற்படுகின்றேன்.

மேக்ரோ என்றால் யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். கட்டம் கட்டமாக வரிசைப்படுத்தப்பட்டு, ஒரு கட்டத்தின் எண் மாறியவுடன் அதனைச் சார்ந்த பிற எண்களும் தாமே மாறும் மின்கணக்கேட்டினை விரிதாள் என்கிறோம். டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய விசிகால்க் என்னும் விரிதாள் 1979 ஆம் ஆண்டில் ஆப்பிள் கணினிக்காக வெளிவந்தது. 1983 ஆம் ஆண்டில் லோட்டஸ் 1-2-3 தோன்றி அலுவலகங்களைக் கவர்ந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்செல் 1985 ஆம் ஆண்டில் மக்கின்டாஷ் கணினிக்கும், 1987 ஆம் ஆண்டில் விண்டோஸ் கணினிக்கும் வந்தது. பெயர்களையும் முகவரிகளையும் பதிவுகளையும் அட்டவணைகளாகத் தொகுத்து வைக்கும் ஆக்செஸ் என்னும் தரவுத்தளச் செயலியை அந்நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஓர் அலுவலகத்தில் நாற்பது பேருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் அவர் அதே வரிசைகளைப் பிரிக்கின்றார்; அதே பிடித்தங்களைக் கழிக்கின்றார்; அதே தலைப்பை இட்டு அச்சிடுகின்றார். இவ்வேலைகளை ஒருமுறை செய்து காட்டி, மறுமுறை ஒரு விசையைத் தட்டியதும் கணினி தானே அனைத்தையும் செய்யுமாறு கட்டளைத் தொடராக எழுதி வைக்கலாம். அக்கட்டளைத் தொடரே மேக்ரோ. பெரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியே இப்பெயர் வந்தது. ஒரு சிறு கட்டளை பல கட்டளைகளாக விரிவதால் அப்பெயர் பொருந்துவதே. சம்பளப் பட்டியலுக்கு மூன்று நாள் உழைத்த அலுவலகங்கள் மூன்று மணி நேரத்தில் அதனை முடிக்கத் தொடங்கின. எனவே மேக்ரோவை வெறும் தீமையென இகழ்தல் முறையன்று. அது நல்லதோர் ஏவலாள். ஏவுகின்றவர் யார் என்பதிலேதான் இடர் பிறந்தது.

அவ்விடரின் வேர் யாதெனின், கணக்கும் கட்டளையும் ஒரே கோப்பில் உறையலாயின என்பதே. பழைய கணக்கேட்டில் பொய்க் கணக்கு இருத்தல் கூடும். ஆனால் திறந்து படித்த அளவில் அந்த ஏடு எழுந்து சென்று நிலைப்பெட்டியைத் திறக்காது. புதிய கணக்கேடோ அவ்வாறு செய்யும் ஆற்றலைப் பெற்றது. 1993 ஆம் ஆண்டில் வந்த எக்செல் ஐந்தாம் பதிப்பில், விஷுவல் பேசிக் என்னும் முழுமையான நிரல்மொழியே மேக்ரோ எழுதும் மொழியாக அமைக்கப்பட்டது. கட்டங்களைக் கூட்டுவதோடு நில்லாமல், கணினியிலுள்ள பிற கோப்புகளை அழிக்கவும், வெளியிலிருந்து வேறு நிரல்களைக் கொணர்ந்து இயக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும் அம்மொழி வல்லது. மேலும், குறிப்பிட்ட பெயரிட்ட மேக்ரோக்கள் கோப்பைத் திறந்தவுடன் தாமே இயங்கும் ஏற்பாடும் இருந்தது. எக்செலில் ஆட்டோ ஓப்பன் என்றும், ஆக்செஸில் ஆட்டோ எக்ஸெக் என்றும் அவை வழங்கும். கடிதத்தின் உறையைப் பிரித்தவர் அதனைப் படிப்பதற்கு முன்னரே, உள்ளிருந்த ஏவலாள் வீட்டிற்குள் புகுந்துவிடுகின்றான் என்று இதனை உவமித்துக் கூறலாம்.

முன்னறிவிப்பு இல்லாமல் இத்தீங்கு வந்துவிடவில்லை. கணினிப் பாதுகாப்பு அறிஞர் ஹெரால்டு ஹைலேண்டு, லோட்டஸ் விரிதாளின் மேக்ரோவைக் கொண்டே வைரஸ் என்னும் நச்சு நிரல் இயற்றக்கூடும் என 1989 ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1994 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோயல் மக்நமாரா என்பவர் அத்தகைய நிரல் ஒன்றைச் சோதனைக்காகச் செய்து பார்த்தார். எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தவர் சிலரே.

1995 ஆம் ஆண்டில் கான்செப்ட் என்னும் மேக்ரோ வைரஸ் வேர்டு ஆவணங்களில் பரவத் தொடங்கியது. அது எதனையும் அழிக்கவில்லை. தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு ஆவணம்விட்டு ஆவணம் தாவியது, அவ்வளவே. வியப்பு யாதெனின், வேர்டு செயலியை விற்ற மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட குறுந்தகடு ஒன்றிலேயே அது புகுந்து பரவியதாகும். இயற்றியவர்களே அறியாமல் தம் கையால் பரப்பினர் என்றால், பிறருடைய நிலையைக் கூறவேண்டியதில்லை. 1996 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாரூ என்னும் வைரஸ் எக்செல் விரிதாள்களைப் பற்றியது. 1998 ஆம் ஆண்டில் ஆக்செஸ் தரவுத்தளங்களைப் பற்றும் வைரஸும் தோன்றியது. இவற்றுக்கிடையே 1996 ஆம் ஆண்டில் வந்த வாஸு என்னும் வைரஸ், ஆவணத்திலுள்ள சொற்களை இடம்பெயர்த்து வைப்பதனைத் தன் தொழிலாகக் கொண்டிருந்தது. சொல்லை இருந்த இடத்திலே காப்பதைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோருக்கு அதனினும் அஞ்சத்தக்கது வேறில்லை. ஒரு சட்டவிதியில் ‘அன்று’ என்ற ஒரு சொல் இடம்பெயர்ந்தால் என்னவாகும்? ஒரு விரிதாளில் ஓர் எண் மாறினால் யாருடைய ஓய்வூதியம் குறையும்? அழிந்த ஏட்டை அழிந்தது என்று அறியலாம். திரிந்த ஏட்டையோ நாம் நம்பிக்கொண்டே இருப்போம்.

1999 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26 ஆம் நாள் மெலிசா என்னும் மேக்ரோ வைரஸ் உலகை உலுக்கியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தவராகிய டேவிட் ஸ்மித் அதனைப் பரப்பினார். ஒருவர் அந்த ஆவணத்தைத் திறந்ததும், அவருடைய முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்கு அவர் பெயராலேயே அது சென்றது. ஐம்பது பேர் தலைக்கு ஐம்பது பேருக்கு அனுப்பினால் 2,500. அவர்களும் அவ்வாறே செய்தால் 1,25,000. பெருநிறுவனங்கள் பலவற்றின் அஞ்சல் கணினிகள் நிறுத்தப்பட்டன. சேதம் எட்டுக் கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் ஸ்மித்துக்கு இருபது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 2000 மே மாதத்தில், மேக்ரோவுக்கு உறவான வேறொரு நிரல் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து காதற்கடிதம் என்ற வேடத்தில் புறப்பட்டது. அதனை எழுதியவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டமே இல்லை. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பிறர் கணினியில் வைரஸைப் புகுத்துவதை அச்சட்டத்தின் 43 ஆம் பிரிவு குறிப்பிட்டே கூறுகின்றது. இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பு 2004 ஆம் ஆண்டு ஜனவரியில் பணி தொடங்கியது.

மெலிசா கற்பித்த பாடம் ஒன்று உண்டு. தீயவன் முன்பின் அறியாதவனாக வருவான் என்று நாம் எண்ணியிருந்தோம். அவனோ நண்பர் பெயரால் வந்தான். நண்பர் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக்கொண்டும் வரவில்லை. நண்பரின் கணினியே தன் கையால் அனுப்ப வந்தான்.

செயலியை இயற்றியோர் வாளாவிருந்தனர் என்று கூறுதல் நியாயமன்று. 1997 ஆம் ஆண்டுப் பதிப்பில், இக்கோப்பில் மேக்ரோ உள்ளது, இயக்கலாமா என்று கேட்கும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் கோப்புகளின் பெயரீறே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் என முடியும் விரிதாளில் மேக்ரோ தங்க இயலாது, எக்ஸ்.எல்.எஸ்.எம் என முடிவதில் தங்கலாம். 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில், வெளியிலிருந்து வந்த கோப்பு படிப்பதற்கு மட்டும் திறந்து, பிற செயல்கள் அனைத்தும் பூட்டப்பட்ட பாதுகாப்பு நிலையில் வைக்கப்பட்டது. வந்த ஏட்டைத் தனித்து வைத்து ஆராய்க என்ற கௌடிலீயர் விதி இவ்வாறு மறுபிறவி எடுத்தது.

ஆனால் இக்காவல்கள் அனைத்திற்கும் பொதுவாக ஒரு வாயில் திறந்தே இருந்தது. கோப்பின் மேலே மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தோன்றும்; அதில் எனேபிள் கன்டென்ட் என்னும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் காவல் நீங்கிவிடும். தீயோர் கணினியை ஏமாற்றும் கலையை விடுத்து, அப்பொத்தானை நம்மையே அழுத்தச் செய்யும் கலையைப் பயின்றனர். விரிதாளைத் திறந்தால் எழுத்துக்கள் மங்கலாகத் தெரியும். இது பழைய பதிப்பில் செய்யப்பட்டது, தெளிவாகக் காண மேலேயுள்ள பொத்தானை அழுத்துக என்று குறிப்பு இருக்கும். விலைப்பட்டியல் என்றும், சம்பள நிலுவை என்றும், வருமானவரி அறிவிப்பு என்றும் கோப்புக்குப் பெயர் இருக்கும். கடமையுணர்ச்சி மிக்க எழுத்தரே முதலில் ஏமாறுவார். சோம்பேறி திறக்கவே மாட்டான்.

இக்கலை எத்துணைப் பெரிய தீங்கினை விளைக்கும் என்பதற்கு உக்ரைன் நாட்டு நிகழ்ச்சி சான்று. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள், கடுங்குளிர்க் காலத்தில், அந்நாட்டின் மூன்று மின்வழங்கு நிறுவனங்களின் கட்டுப்பாடு அயலார் கைக்குச் சென்றது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் சில மணி நேரம் இருளில் மூழ்கின. ஆராய்ந்து பார்த்தபோது, அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே மின்னஞ்சலில் வந்த மேக்ரோ கோப்புகளின் வழியே பகைவர் உள்ளே புகுந்து, கடவுச்சொற்களைத் திரட்டிக்கொண்டு காத்திருந்தனர் என்பது வெளியாயிற்று. ஒரு நகரத்தின் விளக்குகள் அணைவதற்கு, யாரோ ஓர் அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தியது தொடக்கமாயிற்று.

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொரோனா நோயின் அச்சம் நாடெங்கும் சூழ்ந்திருந்த வேளையில், இந்திய அரசாங்கத்தின் சுகாதார அறிவுரை என்ற பெயரால் எக்செல் கோப்பு ஒன்று உலவியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரியை ஒத்த போலி முகவரி அதற்கு வழியாக அமைந்தது. கோப்பினுள் ஒளிந்த மேக்ரோ, கிரிம்சன் என்னும் உளவு நிரலைக் கணினியில் இறக்கியது. பாகிஸ்தானோடு தொடர்புடையதென ஆய்வாளர் கருதும் டிரான்ஸ்பேரண்ட் டிரைப் என்னும் குழுவின் வேலை அது என்று கணினிக் காவல் ஆய்வாளர் கண்டனர். நோய்க்கு மருந்து தேடியவர் வீட்டிற்கு ஒற்றன் மருத்துவன் வேடத்தில் வந்தான்.

இனி, எளியேன் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், அகவிலைப்படி நிலுவை பற்றிய விரிதாள் ஒன்று எனக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் நான் நன்கறிந்த பெயர். முந்திய வாரம் நான் அவருக்கு எழுதிய கடிதத்தின் கீழேயே, அதற்கு மறுமொழி போல அது இருந்தது. திறந்தேன், மஞ்சள் பட்டை தோன்றியது, அழுத்தினேன். திரையில் ஒன்றும் நிகழவில்லை. கோப்பு பழுதுபட்டது போலும் என்று எண்ணி மூடிவிட்டு வேறு வேலையில் ஈடுபட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. அழைத்தவர் பணி ஓய்வு பெற்ற மூத்த மொழிபெயர்ப்பாளர். எனக்கு இத்தொழிலைப் பழக்கிய ஆசான் நிலையிலுள்ளவர். “தம்பி, நீங்கள் அனுப்பிய கணக்கைத் திறந்தேன், ஒன்றும் தெரியவில்லையே. என்ன கணக்கு அது?” என்று கேட்டார். நான் எக்கணக்கும் அனுப்பவில்லை. என் பெயரால், என் முகவரிப் பட்டியலில் இருந்த பலருக்கும் அக்கோப்பு சென்றிருந்தது. பலர் ஐயுற்று அழித்துவிட்டனர். அவர் திறந்துவிட்டார், பொத்தானையும் அழுத்திவிட்டார்.

அவருடைய கணினியை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதிதாக அமைக்க நேர்ந்தது. பதினோராண்டுகளாக அவர் ஒவ்வொரு சொல்லாகத் தொகுத்து வந்த ஆட்சிச் சொற்பட்டியல் ஓர் ஆக்செஸ் கோப்பில் இருந்தது. ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மும்மொழியிலும் அமைந்தது அது. அதற்கு மறுபடி ஒன்று எடுத்து வைத்திருந்தார்; ஆனால் அப்படி இருந்த தட்டும் அன்று கணினியிலேயே செருகப்பட்டிருந்தது. இரண்டும் போயின. நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன், தம்பி. உங்கள் பெயரைப் பார்த்தேன், திறந்தேன்” என்று மட்டும் கூறினார். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மேக்ரோ வைரஸ் திருடுவது பணத்தையோ கடவுச்சொல்லையோ மட்டுமன்று என்பதை அன்று உணர்ந்தேன். அது முதலில் திருடுவது நம் பெயரை. பல்லாண்டுப் பழக்கத்தால் ஒருவர் நம்மிடம் வைத்துள்ள நம்பிக்கையே அதன் வாகனம். உறவும் நட்பும் எவ்வளவு உறுதியோ, அவ்வளவு விரைவாக அது பயணம் செய்கின்றது. எமொடெட் என்னும் நச்சு நிரல் இவ்வழியிலேயே பேர் பெற்றது. 2014 ஆம் ஆண்டில் தோன்றிய அது, திருடிய பழைய கடிதங்களுக்கே மறுமொழி எழுதுவது போலத் தன்னை அனுப்பிக்கொள்ளும் வித்தையில் தேர்ந்தது. 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறையினர் ஒன்றுகூடி அதனை முடக்கினர். அவ்வாண்டு நவம்பரில் அது மீண்டும் தலைதூக்கியது.

இறுதியில் 2022 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள், இணையத்தின் வழியே வந்த கோப்புகளிலுள்ள விஷுவல் பேசிக் மேக்ரோக்கள் இயல்பாகவே தடுக்கப்படும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆக்செஸ், எக்செல், வேர்டு, பவர்பாயிண்ட், விசியோ ஆகிய ஐந்திற்கும் அத்தடை பொருந்தும். மஞ்சள் பட்டைக்கு மாறாகச் சிவப்புப் பட்டை வந்தது. அதில் மேக்ரோவை இயக்குதற்குப் பொத்தான் இல்லை. 1992 ஆம் ஆண்டுக் காலத்துப் பழைய எக்செல் மேக்ரோக்களும் அவ்வாண்டு ஜனவரி முதல் இயல்பாக இயங்காதவாறு நிறுத்தப்பட்டன. பயனாளர் சிலர் இடையூறு எனக் குறைகூறவே, ஜூலைத் தொடக்கத்தில் விஷுவல் பேசிக் மேக்ரோத் தடை விலக்கப்பட்டு, அம்மாத இறுதியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வசதிக்கும் காவலுக்கும் இடையே உள்ள பழைய வழக்கு அந்த ஒரு மாதத்திலும் தொடர்ந்து நடந்தது எனலாம். 1995 ஆம் ஆண்டின் கான்செப்ட் முதல் இத்தடை வரை கழிந்தவை 27 ஆண்டுகள்.

இனி அச்சமில்லை என்று உறங்கிவிடலாமா? உறங்கலாகாது. தடை வந்தபின் தீயோர் குறுக்குவழிக் கோப்பு, தட்டுப்படிமக் கோப்பு முதலிய வேறு உறைகளைத் தேடிச் சென்றனர். பழைய பதிப்புகளைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் அலுவலகங்களும் வீடுகளும் பல. மேலும், கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்று காட்டும் மறைகுறியைக் கொண்டே இத்தடை இயங்குகின்றது. பென் டிரைவ் எனப்படும் சிறு சேமிப்பியில் படியெடுக்கும்போது அக்குறி பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றது. முத்திரை உதிர்ந்த ஏட்டைக் கணினி உள்ளூர் ஏடு என்றே கொள்ளும்.

வெளிமாநிலத் தமிழர் வாழ்வில் இச்செய்திக்குத் தனியிடம் உண்டு. தமிழ்ச் சங்கத்து உறுப்பினர் பட்டியலும், பொங்கல் விழா நன்கொடைக் கணக்கும், குடியிருப்போர் சங்கத்து வரவுசெலவும், ஊர்க்கோவில் திருப்பணிக் கணக்கும் இன்று விரிதாளாகவே கைமாறுகின்றன. அயலூரில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டதும் நமக்கு உண்டாகும் நெருக்கம் இனியது. அந்நெருக்கமே ஒளிந்து வருவோனுக்கு நுழைவுச்சீட்டும் ஆகும். எனவே சில பழக்கங்களை மேற்கொள்ளுதல் நலம். எதிர்பாராத கணக்கு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள்தாம் அனுப்பினீர்களா என்று ஒரு சொல் கேளுங்கள். அம்மின்னஞ்சலுக்கே மறுமொழி எழுதிக் கேட்டால், விடையளிப்பவன் திருடனாகவும் இருத்தல் கூடும். பட்டியலைப் படிப்பதற்கு மேக்ரோ வேண்டியதே இல்லை. படிக்க வேண்டுமாயின் பொத்தானை அழுத்துக என்று கூறும் கோப்பு, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கின்றது. நீங்கள் பிறருக்கு அனுப்பும்போது மேக்ரோ தங்கவியலாத வடிவிலேயே அனுப்புங்கள். தரவுத்தளக் கோப்பு எப்போதும் கட்டளைகளைத் தாங்க வல்லதாகையால், நேரில் அறிந்தவர் சொல்லி அனுப்பினாலன்றி அதனைத் திறவாதீர். முதன்மையான கோப்புகளின் மறுபடியைக் கணினியோடு இணையாத தட்டில் எடுத்து, தனியே பூட்டி வையுங்கள். இது என் ஆசானின் இழப்பு எனக்குக் கற்பித்தது. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழையுங்கள். தவறி அழுத்திவிட்டால் வெட்கத்தால் மறைக்காமல் நண்பர் அனைவருக்கும் அன்றே தெரிவியுங்கள். நான் அந்த இரண்டு நாளை வீணாக்காமல் இருந்திருந்தால், சென்னையில் ஒரு சொற்பட்டியல் இன்றும் இருந்திருக்கும்.

மைசூர் நூலகத்தில் சாமசாஸ்திரியார் அச்சுவடியை எவ்வாறு படித்தார் என்று சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. வந்த ஏட்டை அவர் உடனே நம்பிவிடவுமில்லை, ஒதுக்கிவிடவுமில்லை. தனித்து வைத்து, ஓலை ஓலையாக ஆராய்ந்து, இன்னது என்று தெளிந்த பின்னரே உலகிற்கு அளித்தார். அப்பொறுமையில் ஒரு சிறு பங்கே இன்று நம்மிடம் கேட்கப்படுகின்றது: ஒரு தொலைபேசி அழைப்புக்கு வேண்டிய நேரம். அந்நேரத்தை ஒதுக்குவது, அனுப்பியவர் மீது ஐயம் கொள்வதாகாது. அவர் பெயரை அவருக்காகக் காத்து வைப்பதாகும். என் ஆசான் எண்பது வயதை நெருங்குகின்றார். சொற்பட்டியலை முதலிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கின்றார். இம்முறை கையால், தாளில். வாரந்தோறும் அதன் ஒரு பகுதியைக் கணினியில் ஏற்றித் தரும் பணி என்னுடையது. ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன்னர் நான் அவரை அழைத்துச் சொல்லிவிடுகின்றேன்.